கொடையா, கொசுறா?
கணினி விளையாட்டுகள் இலவசமான வரலாறு

‘தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?’ என்பது நம் நாட்டுப் பழமொழி. கொடுப்பவர் மனம் நோகலாகாது என்னும் பண்பு அதில் அடங்கியிருக்கிறது. ஆயினும் தானம் வேறு; வாணிகன் விலையின்றி நீட்டும் சரக்கு வேறு. முன்னதைப் பல் பாராது ஏற்பது மரியாதை. பின்னதைப் பல்லும் சுழியும் பார்த்து ஏற்பது அறிவுடைமை. இக்காலத்தில் வாரந்தோறும் நம் இல்லங்களுக்குள் விலையின்றி வந்து சேரும் ஒரு சரக்கு உண்டு. அதுதான் கணினி விளையாட்டு. அதன் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

மும்பை மாநகரின் கிழக்குப் பகுதியில், செம்பூரை அடுத்துள்ளது தேவ்நார். 1927-ஆம் ஆண்டு முதல் மாநகரின் கழிவுகள் வந்து குவிந்த மேட்டினால் இவ்வூரின் பெயரைப் பலர் அறிவர். 1954-இல் இங்கு வந்து நிலைபெற்ற டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தினால் கற்றோர் அறிவர். தாராவியிலும் மாதுங்காவிலும் போலவே செம்பூர், தேவ்நார் வட்டாரத்திலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்து வருகின்றன. நம் குடும்பங்களில் வளரும் இளைஞர் சிலருக்கு வியாழக்கிழமை இரவு ஒரு சிறப்பான நேரம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் முற்பகல் பதினொரு மணி அடிக்கும்போது இங்கே இரவு எட்டரை மணி; அங்குக் குளிர்காலமாயின் இங்கே ஒன்பதரை மணி. அவ்வேளையில் ‘எபிக்’ என்னும் இணையக் கடை அவ்வாரத்து இலவச விளையாட்டை வெளியிடும். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும். விளையாட்டு அவர்கள் கணக்கில் சேர்ந்துவிடும். இங்ஙனம் ஒரு பைசாவும் செலவின்றி நூற்றுக்கணக்கான விளையாட்டுகளைச் சேர்த்தவர்கள் நம்மிடையே உண்டு. அவற்றுள் பத்தில் ஒன்றையேனும் ஆடிப் பார்த்தவர் அரியர். சேர்ப்பதே ஒரு விளையாட்டாகிவிட்டது.

“இவையெல்லாம் உனக்குச் சொந்தமா?” என்று கேட்டால், “ஆம்” என்றே இளைஞர் விடையிறுப்பர். அந்த விடை எவ்வளவு உண்மை? அதை அறிய வேண்டுமானால், ‘இலவசம்’ என்னும் சொல் இத்துறையில் எப்படிப் பிறந்து எப்படி மாறியது என்பதைக் காணவேண்டும்.

வாணிகர் இலவசமாகக் கொடுப்பது புதிய வழக்கம் அன்று. காய்கறி வாங்கியபின் கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் கொசுறாகக் கேட்பது நம்மவர் வழக்கம். கொசுறு என்பது வாங்கியவனுக்குக் கிடைப்பது. வாங்காதவனுக்கும் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. 1930-களில் இந்தியாவில் தேயிலை விற்பனையைப் பெருக்க முனைந்தோர், சந்தைகளிலும் மக்கள் கூடும் இடங்களிலும் தேநீரைக் காய்ச்சி விலையின்றி வழங்கினர். இன்று தேநீர் இன்றி விடியும் வீடு அரிது. அன்று இலவசமாகத் தந்தது தேநீர். அதனால் விளைந்தது பழக்கம். பழக்கத்துக்குப் பின்னர் விலை கொடுத்தவர்கள் நாம். கணினி விளையாட்டின் கதையும் ஏறத்தாழ இதுவே. ஆயினும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அதனை முடிவில் காண்போம்.

1991-ஆம் ஆண்டில் அமெரிக்க இளைஞர் டிம் ஸ்வீனி என்பார் ‘இசட்.இசட்.டி.’ என்னும் சிறு விளையாட்டை இயற்றினார். எழுத்துகளையும் குறிகளையுமே படமாகக் கொண்ட எளிய விளையாட்டு அது. அதன் முதற்பகுதியை யாரும் விலையின்றிப் பெறலாம். படியெடுத்து நண்பருக்கும் கொடுக்கலாம். எஞ்சிய பகுதிகள் வேண்டுமென்றால் பணம் அனுப்பவேண்டும். அவை அஞ்சலில் வந்து சேரும். தம் பெற்றோர் இல்லத்தையே அலுவலகமாகக் கொண்டு அவர் அந்த வாணிகத்தை நடத்தினார். இந்த முறைக்கு ‘ஷேர்வேர்’ என்று பெயர். 1993-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் வெளிவந்த ‘டூம்’ என்னும் விளையாட்டும் இம்முறையிலேயே தன் முதற்பகுதியை உலகெங்கும் பரப்பிற்று.

அந்த இலவசத்தின் இயல்பை நன்கு நோக்கவேண்டும். கொடுத்தவர் தடுக்க முடியாதபடி, அது கையிலிருந்து கைக்குச் சென்றது. அதனைப் பெறுவதற்குப் பெயரோ, முகவரியோ, கடவுச்சொல்லோ வேண்டியிருக்கவில்லை. வட்டில் இருந்தால் விளையாட்டு உண்டு. கொடுத்த நிறுவனம் அழிந்தாலும் வட்டு அழியாது.

இந்தியாவுக்கு அந்த இலவசம் பெரும்பாலும் வட்டு வடிவிலேயே வந்தது. 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. ஆனால் தொலைபேசிக் கம்பி வழியே வந்த அந்த இணையத்தில் பெரிய விளையாட்டுகளை இறக்குவது இயலாத காரியம். ஆகவே, பிற்காலத்தில் ‘டிஜிட்’ எனப் பெயர் பெற்ற ‘சிப்’ போன்ற கணினி இதழ்களுடன் இணைந்து வந்த குறுந்தகடுகளே அக்காலத்து இளைஞரின் புதையல். மாதம் ஒரு தகடு வரும். அதில் மாதிரி விளையாட்டுகள் சில இருக்கும். கிராண்ட் ரோடு நிலையத்தை அடுத்த லாமிங்டன் சாலையில் கணினிக் கருவிகளோடு, உரிமம் பெறாத கள்ளப் படிகளும் மலிவாக விற்றன என்பதையும் மறைப்பதற்கில்லை. விலை கொடுத்து வாங்கும் வழி எட்டாத காலத்தில் அது ஒரு பெரும் பழக்கமாயிற்று. படைத்தவருக்கு ஒரு காசும் சேராத அந்தப் பழக்கத்தை நாம் போற்றவில்லை. ஆயினும் வரலாற்றில் அதற்கும் ஓர் இடம் உண்டு.

2003-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் ‘ஸ்டீம்’ என்னும் அமைப்பைத் தொடங்கியது. தன் விளையாட்டுகளின் திருத்தங்களை ஆடுவோர் கணினிகளுக்கு நேரே அனுப்புவது அதன் முதல் நோக்கம். மறு ஆண்டில் வெளிவந்த ‘ஹாஃப்-லைஃப் 2’ என்னும் விளையாட்டைக் கடையில் தகடாக வாங்கினாலும், ஸ்டீமில் கணக்குத் தொடங்கினால் அல்லாமல் ஆட இயலாது என்ற நிலை ஏற்பட்டது. அன்று முதல் விளையாட்டின் உயிர் தகட்டை விட்டுக் கணக்குக்கு இடம் மாறியது. வெகு விரைவில் ஸ்டீம் பிறருடைய விளையாட்டுகளையும் விற்கும் பெருங்கடையாக வளர்ந்தது. விற்பனையில் வழக்கமாக நூற்றுக்கு 30 பங்கு கடைக்குச் சேர்ந்தது.

ஒரு கடை செழித்தால் எதிரே இன்னொரு கடை முளைப்பது உலக இயல்பு. 2008-இல் போலந்து நாட்டில் ‘குட் ஓல்ட் கேம்ஸ்’ என்னும் கடை தோன்றியது. பின்னர் அது ‘ஜி.ஓ.ஜி.’ எனச் சுருங்கிய பெயர் பெற்றது. பழைய விளையாட்டுகளைப் பூட்டின்றி விற்பது அதன் கொள்கை. வாங்கியவர் நிறுவல் கோப்பைத் தம் வட்டில் சேமித்து, இணையம் இன்றியும் என்றும் ஆடலாம். 2011-இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ‘ஆரிஜின்’ என்னும் தன் கடையைத் திறந்தது. பிரெஞ்சு நிறுவனமாகிய யூபிசாஃப்டும் தனக்கெனத் தனி வாயில் அமைத்துக்கொண்டது.

கடைகள் பலவாயின, அழைப்புக்கு ஒரு தாம்பூலம் வேண்டியதாயிற்று. 2010 மே மாதத்தில் ஸ்டீம் ஆப்பிள் கணினிகளுக்கு வந்தபோது ‘போர்ட்டல்’ என்னும் விளையாட்டைச் சில நாள் விலையின்றி வழங்கியது. 2013 டிசம்பரில் ஜி.ஓ.ஜி. கடை ‘ஃபாலவுட்’ வரிசையின் பழைய விளையாட்டுகள் மூன்றைக் கொடுத்தது. 2014-இல் ஆரிஜின் ‘டெட் ஸ்பேஸ்’ என்பதைக் கொடுத்துத் தன் இலவச வரிசையைத் தொடங்கியது. 2016-இல் யூபிசாஃப்ட் தன் முப்பதாம் ஆண்டு நிறைவை ஒட்டி மாதம் ஒரு விளையாட்டு வழங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் அது கொடுத்தது ‘தி க்ரூ’ என்னும் கார்ப் பந்தய விளையாட்டு. இந்தப் பெயரை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

அவ்வாண்டுகளில் நம் நாட்டிலும் நிலைமை மாறி வந்தது. 2015-இறுதியில் ஸ்டீம் கடை ரூபாயில் விலை குறிக்கத் தொடங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் இணையக் கட்டணம் பெரிதும் குறைந்தது. 2004-ஆம் ஆண்டின் அரசுக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே அகலப்பட்டை என்று வரையறுத்தது. அவ்வேகத்தில் 90 ஜிகாபைட் அளவுள்ள ஒரு விளையாட்டை இறக்க, இரவு பகலாக 32 நாள் ஆகும். நொடிக்கு 100 மெகாபிட் வரும் இன்றைய வீட்டு இணைப்பில் அதற்கு இரண்டு மணி நேரம் போதும். கம்பி விரிந்ததனால்தான் கடல்கடந்த கடைகளின் இலவசம் தேவ்நாரின் சிறு குடியிருப்பு வரை வந்தது.

2018-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் எபிக் கேம்ஸ் நிறுவனம் தன் கடையைத் திறந்தது. அதன் தலைவர் யார் என்றால், 1991-இல் அஞ்சலில் விளையாட்டு அனுப்பிய அதே டிம் ஸ்வீனிதான். ‘ஃபோர்ட்நைட்’ என்னும் விளையாட்டினால் அந்நிறுவனத்திடம் பெருஞ்செல்வம் குவிந்திருந்தது. படைப்போரிடம் நூற்றுக்கு 12 பங்கே கேட்போம் என்று அது அறிவித்தது. ஆடுவோரை இழுப்பதற்கோ இலவசத்தைக் கையாண்டது. அம்மாதம் 14-ஆம் நாள் ‘சப்நாட்டிகா’ என்னும் கடலடி விளையாட்டு முதல் இலவசமாக வந்தது. முதலில் இரு வாரத்துக்கு ஒன்று; 2019-இன் இடைப்பகுதியிலிருந்து வாரத்துக்கு ஒன்று என அது பெருகிற்று.

இந்த ஈகையின் கணக்கு பிற்காலத்தில் நீதிமன்றத்தின் வாயிலாக வெளிவந்தது. எபிக் நிறுவனம் ஆப்பிள் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கு 2021 மே மாதத்தில் கலிபோர்னியாவில் விசாரணைக்கு வந்தபோது, உள்வீட்டு ஆவணங்கள் சில பொதுப்பார்வைக்கு வந்தன. கடை திறந்த முதல் ஒன்பது மாதங்களில் 38 விளையாட்டுகளை இலவசமாக வழங்க, அவற்றைப் படைத்தோர்க்கு எபிக் கொடுத்த தொகை ஏறத்தாழ 1 கோடியே 16 லட்சம் டாலர். சப்நாட்டிகாவுக்கு மட்டும் 14 லட்சம் டாலர். அதனால் புதிதாகக் கணக்குத் தொடங்கியோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர். வகுத்துப் பார்த்தால் ஒரு புது முகத்துக்கு இரண்டேகால் டாலருக்குச் சற்று மேல். அன்றைய செலாவணியில் ஏறத்தாழ 160 ரூபாய். நாம் விலையின்றிப் பெற்றோம் என்று எண்ணியிருந்த வேளையில், நமக்கே ஒரு விலை குறிக்கப்பட்டிருந்தது.

2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றினால் உலகம் வீட்டுக்குள் அடைபட்டது. அவ்வாண்டு மே 14-ஆம் நாள் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’ என்னும் புகழ்பெற்ற விளையாட்டை எபிக் இலவசமாக அறிவித்தபோது, திரண்ட கூட்டத்தைத் தாங்காது கடையே சில மணி நேரம் செயலிழந்தது. அவ்வாண்டில் மட்டும் 103 விளையாட்டுகளைக் கொடுத்ததாகவும், அவற்றை மக்கள் 74 கோடியே 90 லட்சம் முறை பெற்றதாகவும் அந்நிறுவனம் அறிவித்தது. இத்தனை கொடுத்தும் ஸ்டீமின் முதன்மை அசையவில்லை. 2025 மார்ச்சு மாதத்தில் ஒரே வேளையில் 4 கோடிக்கு மேற்பட்டோர் அங்கு இணைந்திருந்தனர். இலவசத்தை ஓரிடத்தில் பெற்றுக்கொண்டு, பணத்தை வேறிடத்தில் செலவிடும் சாமர்த்தியம் மக்களுக்கு உண்டு என்பது இதனால் விளங்குகிறது.

இனி, முன்னர் நினைவில் வைக்க வேண்டிய பெயருக்கு வருவோம். ‘தி க்ரூ’ விளையாட்டைத் தனியே ஆடுவதற்கும் யூபிசாஃப்டின் வழங்கிக் கணினியோடு இணைந்திருக்க வேண்டும். 2024-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ஆம் நாள் அந்நிறுவனம் அந்த வழங்கியை நிறுத்தியது. அதன்பின் விளையாட்டு இயங்கவில்லை. சில நாளில் ஆடுவோர் கணக்குகளிலிருந்து அதன் உரிமமும் நீக்கப்பட்டது. 2016-இல் இலவசமாகப் பெற்றவருக்கும், முழு விலை கொடுத்து வாங்கியவருக்கும் ஒரே முடிவுதான். இதற்கு மாறாக, 2013-இல் ஜி.ஓ.ஜி. கொடுத்த ‘ஃபாலவுட்’ விளையாட்டுகள் உரிமை மாற்றத்தினால் சில வாரங்களில் அக்கடையின் விற்பனையிலிருந்தே விலகின. ஆயினும் முன்னரே பெற்றவர்களிடமிருந்து அவை பறிபோகவில்லை. நிறுவல் கோப்பைச் சேமித்தவரிடம் அது கடையின் தயவின்றியே நிலைத்தது. இரண்டும் இலவசமே. ஒன்று கையில் நின்றது. மற்றொன்று காற்றில் கரைந்தது.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள மும்பைவாசிகளுக்குப் பெரிய சட்ட நூல் வேண்டியதில்லை. இந்நகரில் வாடகைக்குக் குடியேறும் பெரும்பாலோர் கையெழுத்திடுவது ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ என்னும் ஒப்பந்தத்தில். பதினொரு மாதத்துக்கு அவ்வீட்டில் தங்க அனுமதி உண்டு. வீட்டின்மேல் உரிமை இல்லை. காலம் முடிந்தால் பெட்டி படுக்கையோடு வெளியேற வேண்டியதுதான். இணையக் கடைகளில் நாம் பெறும் விளையாட்டும் பெரும்பாலும் இத்தகைய லைசென்சே. இன்னும் சொன்னால், வீட்டு ஒப்பந்தத்தில் கெடுநாள் எழுதியிருக்கும். விளையாட்டு உரிமத்தில் அதுவும் இராது. ஸ்டீமின் ஒப்பந்தப்படி ஒருவர் தம் கணக்கைப் பிறருக்கு மாற்றித் தரவும் இயலாது.

இக்குறையை உலகம் உணரத் தொடங்கியிருக்கிறது. கலிபோர்னியா மாநிலம் 2024 செப்டம்பரில் ஒரு சட்டம் இயற்றிற்று. உரிமத்தை மட்டும் தருகிற கடை, அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குக’ என்ற சொல்லை ஆளலாகாது என்பது அதன் சாரம். 2025 சனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னரே ஸ்டீம் தன் கடையில் அவ்வாறான அறிவிப்பைப் பொறித்தது. ஐரோப்பாவில், விற்ற விளையாட்டுகளை முடக்கலாகாது என்று கோரிய விண்ணப்பத்தில் 2025 சூலை மாதத்துக்குள் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். கடைகளின் ஆயுளும் நிலையானதன்று. மைக்ரோசாஃப்டின் பழைய விளையாட்டுக் கடை 2013-இல் மூடப்பட்டது; பெதஸ்தா நிறுவனத்தின் தனி வாயில் 2022-இல் அடைபட்டது; ஆரிஜின் என்னும் பெயரே 2025 ஏப்ரலில் மறைந்தது. சில கடைகள் தம்மிடம் சேர்த்தவற்றை வேறிடத்துக்கு மாற்றித் தந்தன. ஆனால் மாற்றிக்கொள்ளும் பொறுப்பு பலகாலும் ஆடுவோரையே சார்ந்தது.

பிழைப்பு நாடிப் பிறமாநிலம் வந்த நமக்கு இதில் தனியே ஒரு கவலை உண்டு. சென்னையிலிருந்து மும்பைக்கு, மும்பையிலிருந்து புனேக்கு, அங்கிருந்து தில்லிக்கு என இடம் மாறுபவர் தொலைபேசி எண்ணையும் மாற்றுகின்றனர். பள்ளி தந்த மின்னஞ்சல் படிப்பு முடிந்ததும் முடிந்துபோகிறது. ஐந்து கடைகளில் சிதறிய கணக்குகளோ பழைய எண்ணையும் பழைய முகவரியையுமே அறிந்திருக்கின்றன. கடவுச்சொல் மறந்த நாளில், பல ஆண்டு சேர்த்த செல்வம் கதவுக்கு அப்பால் நின்றுவிடுகிறது. ஆகவே எந்தக் கடையில் எந்த மின்னஞ்சல், எந்த எண் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பது நன்று. எண் மாறும் அன்றே அதனைக் கணக்குகளிலும் மாற்றவேண்டும். கடைகள் தரும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, குடும்ப அட்டையோடு பத்திரப்படுத்தலாம். ‘ஜி.ஓ.ஜி. கேலக்ஸி’, ‘பிளேநைட்’ முதலிய செயலிகள் பல கடைகளின் விளையாட்டுகளை ஒரே பட்டியலில் காட்டும். சிதறிய உறவினர் முகவரிகளை ஒரே ஏட்டில் எழுதிவைப்பது போன்றது அது. நிறுவல் கோப்பை விடுவிக்கும் கடையில் அதனைத் தனி வட்டில் இறக்கி வைக்கவேண்டும். இலவசம் என்று சொல்லி வங்கி அட்டையின் எண்ணையோ ஒருமுறைக் கடவுச்சொல்லையோ கேட்கும் அறியாத வாயில்களை அணுகவே கூடாது.

பெற்றோர்க்கும் ஒரு சொல். இளைஞர் இலவச விளையாட்டுச் சேர்ப்பதைக் குற்றமாகக் கருத வேண்டியதில்லை. லாமிங்டன் சாலையின் கள்ளப் படியை நாடிய தலைமுறைக்குப் பின், படைத்தவருக்குப் பணம் சேர்ந்த நேர்மையான படியை இத்தலைமுறை ஆடுகிறது. அதிக வருவாயற்ற வீட்டுப் பிள்ளையும், வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஆடும் அதே விளையாட்டை ஆட முடிகிறது. இது சிறிய நன்மையன்று. ஆயினும் சேர்ப்பதற்கும் துய்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டும். அனுமதி நீடிக்கும் காலத்தில் ஆடி மகிழ்ந்த விளையாட்டே உண்மையில் பெற்ற விளையாட்டு.

தேநீரின் கதைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு என்றோம். இலவசமாகப் பெற்ற தேநீரை அன்றே அருந்திவிட்டோம். அதனை யாரும் திரும்பக் கேட்க இயலாது. 1991-இன் வட்டையும் திரும்பக் கேட்க இயலாது. இன்றைய இலவசமோ கொடுத்தவர் கையை விட்டு முழுதும் நீங்காமல் நம்மிடம் வருகிறது. வியாழக்கிழமை இரவு அதனைப் பெறும் இளைஞர் மகிழ்ச்சியோடு பெறட்டும். பொத்தானை அழுத்தும் முன், இது வட்டில் தங்குமா, கணக்கில் மட்டும் தங்குமா என்று ஒரு கணம் கேட்டுப் பார்க்கட்டும். வாணிகன் நீட்டிய மாட்டுக்கு அவ்வளவு பல் பார்த்தால் போதும்.